கிளி கேட்டுண்டிருக்கு

மதுவந்தி இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவள். முதல் தடவை படித்தபோது அவளுக்கு ஏழு வயது, சுமாரான மார்க். இரண்டாம் தடவை முப்பத்தைந்து வயதில், எம்.காம். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாள். பிய்த்து உதறிவிட்டாள்.

இந்த வாய்ப்பை அவளுக்கு வழங்கியது மந்தைவெளியில் அவள் மகன் சாய்சரண் படிக்கும் கற்பக விகாஸ் குளோபல் பள்ளி. அந்தப் பள்ளியில் உலகத்தரம் என்று சொல்லத்தக்கது பிரின்சிபல் அறையிலிருந்த பூகோள உருண்டை மட்டும்தான். அதுவும் துருப்பிடித்துப்போய் ஆப்பிரிக்காவைக் காட்டியபடியே நின்றுவிட்டது. ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு பிரின்சிபல் சுவாமிநாதன் பெற்றோரை ஹாலில் உட்காரவைத்து ஒரு நற்செய்தி சொன்னார். இனிமேல் வீட்டுப்பாட நோட்டு கிடையாது. புத்தக மூட்டை கிடையாது. பாடம், வீட்டுப்பாடம், வாசிப்பு, மார்க் எல்லாமே 'புத்திமான் ப்ளஸ்' என்கிற ஒரே ஆப்பில். குழந்தை வீட்டில் டேப்லெட்டைத் திறந்தால் ஒரு பச்சைக்கிளி வரும். கிளி கதை காட்டும், குழந்தை உரக்கப் படிக்கும், கிளி கேட்டு ஸ்டார் கொடுக்கும். ஸ்டார் சேரச் சேர லெவல் ஏறும். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில், தானாகவே கற்கும் என்றார் அவர். பெற்றோர் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சில்லறை கேட்பதுபோல, இன்னொன்றையும் சொல்லிவைத்தார். மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது கிளி சொல்லும் லெவலை வைத்துத்தான் செக்‌ஷன் பிரிப்பார்களாம். ஆறாவது லெவலைத் தாண்டியவர்களுக்கு 'ஷைன்' செக்‌ஷன். தாண்டாதவர்களுக்கு 'கேர்' செக்‌ஷன். அதோடு கைதட்டல் நின்றது.

கேர் என்றால் என்னவென்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. படிப்பு ஏறாத பிள்ளையைப் பற்றி மயிலாப்பூரில் யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். "அவன் நன்னா வரைவான்" என்பார்கள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் கதை அதோடு முடிந்தது. தன் மகனைப் பற்றி எந்தக் கல்யாணத்திலும் எந்த அத்தையும் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அன்றிலிருந்து மதுவந்தியின் ஒரே கவலை. ராத்திரி பகல் அதே நினைப்பு.

சாய்சரணுக்குப் படிக்க வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் ஸ்கூட்டரில் அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, லஸ் முனையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை கண்ணில் படுகிற போர்டையெல்லாம் படித்துக்கொண்டே வருவான். "பூட்டு ரிப்பேர்." "செக்கு நல்லெண்ணெய்." "இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்." படித்ததோடு விட்டால் பரவாயில்லை. நோட்டீஸ் ஒட்டாதே என்று எதற்கு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேட்பான். பூட்டு ரிப்பேர்காரர் தன் கடையைப் பூட்டிக்கொண்டு போய் சாவியைத் தொலைத்துவிட்டால் யார் வந்து திறப்பார்கள் என்று கேட்பான். எழுத்துக்கு எழுத்து நின்று, வாக்கியத்துக்கு வாக்கியம் வேடிக்கை பார்த்து, நிதானமாகப் படிக்கிற பிள்ளை. கிளிக்கு அந்த நிதானம் இல்லை என்பதுதான் சிக்கல்.

முதல் நாள் கிளி காட்டிய கதையின் பெயர் 'மீனுவின் மீன்'. அந்த வீட்டில் அதுவரை மீன் என்றால் மீன ராசி ஒன்றுதான். சாய்சரண் சப்பணமிட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். மீனு என்ற பூனை சந்தைக்குப் போனது. ஒரு பெரிய மீன் வாங்கியது. அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வந்தது. இந்த இடத்தில் நிறுத்திவிட்டான்.

"அம்மா, மீனைக் கையில வச்சுண்டு பூனை எப்படிம்மா ஆத்து வரைக்கும் திங்காம வந்தது?"

"உஷ். கிளி கேட்டுண்டிருக்கு."

"வழியிலயே தின்னுடாதோ?"

"உஷ்ஷுன்னேன்."

கிளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கதையில் இல்லாத சொற்கள் அதிகம் என்று சொல்லி இரண்டே ஸ்டார் கொடுத்தது. மதுவந்தி திரும்பப் படிக்கவைத்தாள். அவன் திரும்பவும் அதே இடத்தில் நின்று அம்மாவைப் பார்த்தான். மூன்றாம் தடவை, நான்காம் தடவை என்று படிக்கவைத்து, கடைசியில் பிள்ளை எந்தக் கேள்வியும் கேட்காமல், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில் ஒப்பித்து முடித்தான். உற்சாகம் போதவில்லை என்றது கிளி.

அந்த நேரம் பார்த்து வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் கீர்த்தி ஒரு படம் போட்டாள். அவள் மகள் ஹம்சினிக்கு ஐந்து ஸ்டார். முதல் முயற்சியிலேயே வந்ததாம். யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லையாம், அவளாகவே படித்தாளாம். குழுவிலிருந்த அத்தனை பேரும் 'அவளாகவே' என்ற சொல்லுக்குக் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள். அடுத்த நாளிலிருந்து குழுவில் எல்லாக் குழந்தைகளும் அவரவராகவே படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளை பள்ளியில் இருக்கும்போது, சும்மா என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று மதுவந்தி டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கிளிக்குச் சத்தம் ஆகாது. குக்கர் விசில் கேட்டால்கூட ஸ்டாரைக் குறைத்துவிடும். அவள் பன்னிரண்டு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வேலை, பிள்ளை பிறந்தபின் அதையும் விட்டாயிற்று. நவராத்திரிக்கு யார் வீட்டிலாவது பாடச் சொல்வார்கள், சுண்டல் பொட்டலம் கைக்கு வந்ததும் பாட்டு முடிந்துவிடும். மற்றபடி அந்தக் குரலுக்கு வருஷம் முழுக்க வேலையில்லை. அந்தக் குரலைச் சற்று மேலே தூக்கி, கொஞ்சம் மூக்கில் விட்டு, 'ர'வை லேசாகக் குழைத்து, ஏழு வயசுப் பையனாக மாறி மீனுவின் கதையைப் படித்தாள். சந்தைக்குப் போகிற இடத்தில் ஒரு துள்ளல், மீன் வாங்குகிற இடத்தில் ஒரு குழைவு.

கிளி சிறகை அடித்துக்கொண்டு எழும்பியது. ஐந்து ஸ்டாரும் மழையாகக் கொட்டின. "சபாஷ், சாய்சரண்" என்றது.

மதுவந்திக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவளுடைய பாட்டு டீச்சர் சொன்ன அதிகபட்சப் பாராட்டு "பரவாயில்லை" என்பது. கணவன் சுப்பராமன் ரசத்துக்குக்கூட சபாஷ் சொன்னதில்லை. யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது, ஒரு கிளி சொல்லிவிட்டது. அவள் அடுத்த கதையைத் திறந்தாள்.

அதற்கப்புறம் மத்தியானம் என்றால் கிளிதான். கணக்கும் அவளே போட்டாள், படம் பார்த்துச் சொல் என்றதும் அவளே சொன்னாள், 'என் வீடு' என்று ஐந்து வாக்கியம் கேட்டபோது ஏழு வாக்கியம் கொடுத்தாள். நன்றாகச் செய்யச் செய்ய ஆப் பாடத்தைக் கடினமாக்கிக்கொண்டே போகும், குழந்தையின் வேகத்துக்கு ஏற்றபடி. மதுவந்தியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அதுவும் கொஞ்சம் திணறித்தான் போயிற்று. தீபாவளிக்குள் சாய்சரண் ஏழாம் லெவலைத் தொட்டான்.

ஒருநாள் சுப்பராமன் தலைவலி என்று ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தவர் அறைக்கதவைத் திறந்தார். மனைவி கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து, டேப்லெட்டிலிருந்த ஒரு கிளியிடம், குழந்தைக் குரலில், யானை ஏன் குளித்தது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். காபி கொண்டுவந்தபோது, இது தப்பில்லையா என்று கேட்டார். எல்லாரும் பண்றா என்றாள் அவள். சுப்பராமன் ஆடிட்டர். தொழிலில் தினமும் பத்து வாடிக்கையாளர்கள் சொல்கிற பதில் அது. அதற்குமேல் அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

எல்லாரும் என்பதில் ஒரே ஒருத்தி மட்டும் சேரவில்லை. ராயப்பேட்டையிலிருந்து மகள் ஆயத்தைக் கொண்டுவந்து விடுகிற கைசர் ஜஹான். அவள் கணவருக்கு அங்கே போர்வை, மெத்தைக் கடை. ஆயத்தின் பெயர் ஆப்பில் எப்போதும் சிவப்பில் இருக்கும், இரண்டாம் லெவலைத் தாண்டவில்லை. சாய்சரண் பச்சையில் இருக்கும் தைரியத்தில் மதுவந்திக்குத் தாராள மனசு வந்துவிட்டது. ஒருநாள் பள்ளி வாசலில் கைசர் ஜஹானைத் தனியாக அழைத்து, குழந்தைக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணலாமே, லேசாகத்தான், யாருக்கும் தெரியாது என்று புத்தி சொன்னாள்.

கைசர் ஜஹான் ஸ்கூட்டியின் ஸ்டாண்டைத் தள்ளியபடியே சிரித்தாள். "நான் ரெண்டாங்கிளாஸ் ஒரு தபா பாஸ் பண்ணிக்கினேன்மா. இன்னொரு தபா எதுக்கு? அதுவே போனை வாங்கிப் பாதி நேரம் கார்ட்டூன் பாக்குது, பாதி நேரம் கிளியத் திட்டுது. திட்டட்டும்."

மதுவந்திக்கு அந்தக் குழந்தையை நினைத்து நிஜமாகவே பாவமாக இருந்தது. சாயங்காலம் சுப்பராமனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "பாவம், கேர் செக்‌ஷன்தான். ஆனா நன்னா வரையறதாம்" என்றாள்.

இதற்கு நடுவில் சாய்சரண் என்று நிஜமாகவே ஒரு பையன் அந்த வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். காலையில் ஸ்கூட்டரில் இப்போதெல்லாம் தொந்தரவு இல்லை. போர்டு எதையும் படிப்பதில்லை, கேள்வி கேட்பதில்லை. பையன் பெரியவனாகிவிட்டான் என்று மதுவந்தி நினைத்துக்கொண்டாள், டிராஃபிக்கில் கவனமாக ஓட்ட முடிந்தது. பள்ளி வேன் அவனை இறக்கிவிடும்போது சில நாள் அவள் கிளியோடு இன்னும் முடித்திருக்க மாட்டாள். வாட்ச்மேன் மாடிக்குக் கொண்டுவந்து விட்டுப் போவார். வாசக்கதவு வெறுமே சாத்தியிருக்கும், அறைக்கதவு தாழ் போட்டிருக்கும். அவன் பையை இறக்கிவைத்துவிட்டு அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொள்வான். உள்ளே ஒரு பையன் படிக்கிற குரல் கேட்கும். அப்புறம் "சபாஷ், சாய்சரண்" என்று கேட்கும். அப்புறம் அம்மா வெளியே வருவாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருப்பது நாளில் அந்த ஒரு நேரம்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான். "அம்மா, அந்த சாய்சரணுக்கு எத்தனை ஸ்டார்?"

"நானூறைத் தாண்டியாச்சுடா கண்ணா" என்றாள் அவள் பெருமையாக. பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு மோர்சாதத்தைப் பிசைந்தான். 'அந்த' என்கிறான் பார், ஆப்பை அப்படிச் சொல்கிறான் என்று அவள் சுப்பராமனிடம் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

டிசம்பர் மாதம் பெற்றோர் சந்திப்பில் வகுப்பாசிரியை நீரஜா அவளை மட்டும் கடைசி வரை காக்கவைத்தாள். நீரஜா நன்றாகச் சொல்லிக்கொடுப்பவள் என்று பெயர் வாங்கியவள். புத்திமான் ப்ளஸ் வந்த பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. யார் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்று பார்த்து நினைவூட்டல் அனுப்பவே பொழுது சரியாக இருந்தது.

"வகுப்புல படிக்கச் சொன்னா எழுந்து நிக்கிறான். வாயைத் திறக்கறதில்லை" என்றாள் நீரஜா. "கட்டாயப்படுத்தினா, அவன் படிப்பான் மிஸ்ங்கிறான். யாருடான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான்."

கூச்ச சுபாவம் என்றாள் மதுவந்தி. வீட்டில் பிரமாதமாகப் படிக்கிறானே, நீங்களே பார்த்திருப்பீர்களே என்றாள். நீரஜா கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். எட்டாம் லெவல். பள்ளிக்கூடத்திலேயே முதலிடம்.

"இங்க இப்படி இருக்கு. அங்க அப்படி இருக்கு. நான் என்னன்னு எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்கூட இருந்தது. மதுவந்தி சொல்லியிருக்கலாம். சுற்றுமுற்றும் யாரும் இல்லை, நீரஜாவும் காட்டிக்கொடுக்கிற ரகமில்லை. ஆனால் செக்‌ஷன் பிரிக்க இன்னும் மூன்றே மாதம். ஷைன் கிடைத்துவிட்டால் போதும், அடுத்த நாளே கிளியைத் துரத்திவிட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அம்மாவும் பிள்ளையும் அந்த விஷயத்தில் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள். நீரஜா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆசிரியர் கருத்து என்ற இடத்தில் ஆப் மூன்று கருத்துகளைத்தான் அனுமதித்தது: சிறப்பு, மிகச் சிறப்பு, அற்புதம். இருப்பதிலேயே மோசமானது என்று பார்த்து அவள் 'சிறப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

பிப்ரவரியில் பிரின்சிபலே போன் செய்தார். புத்திமான் ப்ளஸ் கம்பெனி நடத்தும் விழாவில் இந்த வருஷத்து 'நட்சத்திர வாசிப்பாளர்' சாய்சரண்தானாம். மெடல் உண்டு, போட்டோ உண்டு, மேடையில் இரண்டு வரி படித்தால் போதுமாம். மதுவந்திக்கு ஜில்லென்று ஒரு சந்தோஷம் வந்தது. ஜில்லென்று இருந்தது சந்தோஷத்தால் மட்டும் அல்ல என்று போனை வைத்த பிறகுதான் புரிந்தது.

அந்த வாரம் முழுக்க மீனுவின் கதையைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்தாள். சாய்சரண் காகிதத்தைப் பார்ப்பான், அம்மாவைப் பார்ப்பான், மடித்து வைத்துவிடுவான். அதட்டிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள். விழாவில் ரெண்டே வரி படித்துவிட்டால் நேரே பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிப்போய், வேண்டுமென்கிற மட்டும் ஐஸ்கிரீம் வாங்கித்தருவதாகச் சொன்னாள்.

"அவனும் வருவானா?" என்று கேட்டான்.

"யாருடா?"

பிள்ளை காகிதத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தான். அவளும் வற்புறுத்திக் கேட்கவில்லை. அப்போது குழுவில் கீர்த்தி என்ன புடவை கட்டிக்கொண்டு வருவது என்று கேட்டிருந்தாள், அதற்குப் பதில் போட வேண்டியிருந்தது.

விழா அன்று ஹால் நிறைந்திருந்தது. மேடையில் பச்சைக்கிளி ஆளுயரத்துக்கு நின்றது, கம்பெனி அனுப்பிய அட்டைக் கிளி. கம்பெனி ஆள் சுரேஷ்குமார் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே, பெற்றோரின் தலையீடு இல்லாமல் குழந்தைகள் தாமாகக் கற்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார். தாய்மார்கள் பக்திப் பிரசங்கம் கேட்பதுபோலக் கேட்டார்கள். குழந்தைகள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நீரஜாதான் தொகுப்பாளர், கையில் ஒயரில்லாத மைக்.

முதலில் நட்சத்திர வாசிப்பாளரின் குரலைக் கேட்போம் என்றார் சுரேஷ்குமார். ஆப் பதிவுசெய்து வைத்திருந்த அந்தக் குரல் ஹாலின் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலும் வந்தது. மீனு என்ற பூனை சந்தைக்குப் போனது.

மதுவந்தி நாற்காலியில் சற்றுச் சரிந்து உட்கார்ந்துகொண்டாள். மூடிய அறைக்குள் அத்தனை சின்னதாக இருந்த குரல் இங்கே கூரையில் மோதிக்கொண்டு வந்தது. எந்தக் காதுள்ளவனுக்கும் அது ஒரு பொம்பளை, குழந்தை மாதிரிப் பேசுகிறாள் என்று தெரியும். இத்தனைக்கும் நடுவில், மீன் வாங்குகிற இடத்தில் குழைவு நன்றாக விழுந்திருக்கிறது என்றும் அவளுக்குத் தோன்றியது. பன்னிரண்டு வருஷப் பாட்டு சும்மா போகுமா? தாய்மார்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு, அந்தத் தொழிலில் இருப்பவர்களின் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். குரல்ல நல்ல பாவம் என்று பக்கத்திலிருந்து கீர்த்தி முணுமுணுத்தாள். இரண்டு வரிசை முன்னால் கைசர் ஜஹான் மட்டும் மெல்லத் திரும்பி மதுவந்தியை ஒருமுறை பார்த்தாள், திரும்பிக்கொண்டாள்.

குரல் முடிந்தது. பிரின்சிபல் எழுந்து, சாய்சரணை மேடைக்கு அழைத்தார். ஹால் கைதட்டியது.

சாய்சரண் எழுந்திருக்கவில்லை. அவனும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினான். அப்புறம், யார் வரப்போகிறார்கள் என்று பார்ப்பதுபோல உடம்பைத் திருப்பி ஹால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நீரஜா அவன் பக்கத்தில் போய்க் குனிந்து, உன்னைத்தான்டா கூப்பிடுகிறார்கள் என்றாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

"நான் இல்ல மிஸ்" என்றான் அவன். ஹால் முழுக்கக் கேட்டது. "அது எங்காத்துல இருக்கற சாய்சரண். மத்தியானம்தான் வருவான். அம்மாவும் அவனும் கதவைச் சாத்திண்டு படிப்பா. நான் வந்தா நிறுத்திடுவா."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மதுவந்தி எழுந்தாள். எழுந்தது நிஜம். அந்தக் குரல் என்னுடையது, என் பிள்ளை நன்றாகப் படிப்பான், ஆனால் நின்று நின்று, கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் படிப்பான் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பிரின்சிபல் சுவாமிநாதன் பழுத்த அனுபவசாலி.

"பார்த்தீங்களா, குழந்தையோட கற்பனை வளத்தை" என்றார் மைக்கில். "கற்பனையா ஒரு நண்பனையே உருவாக்கி வச்சிருக்கான். இதைத்தான் நாங்க எதிர்பார்த்தோம்."

ஹால் மூச்சு விட்டது. அந்தக் கைதட்டலைப் போல ஒரு கைதட்டலை அந்தக் கட்டடம் கேட்டிருக்காது. ஒருத்தி எழுந்து உண்மையைச் சொன்னால் அப்புறம் எத்தனை பேர் எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கற்பனைத் திறனுக்குத் தனியாக ஒரு ஸ்டார் உண்டு என்றார் சுரேஷ்குமார். ஷைன் செக்‌ஷனின் முதல் மாணவன் சாய்சரண்தான் என்று பிரின்சிபல் அப்போதே அறிவித்துவிட்டார். கீர்த்தி மதுவந்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மதுவந்தி உட்கார்ந்துவிட்டாள். அவள் இத்தனை நாளாக ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. எந்த அத்தையும் இனி ஒன்றும் சொல்ல முடியாது.

நீரஜா பிள்ளையின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனாள். மெடல் போட்டார்கள், அட்டைக் கிளியோடு நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அவன் இறங்கி நேரே அம்மா இருந்த வரிசைக்கு வந்தான். கழுத்திலிருந்து மெடலைக் கழற்றி, நாடாவை ஒழுங்காகச் சுற்றி, அவள் கையில் வைத்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கூரியரை வாங்கிவைத்துக் கொடுப்பதுபோல, கோபமோ வருத்தமோ இல்லாமல்.

"இதை அவன்கிட்ட குடுத்துடும்மா" என்றான்.

பீச்சுக்குப் போகலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். ஸ்கூட்டரில் வழக்கம்போல முன்னால் நின்றான். மந்தைவெளி தாண்டி, குளம் தாண்டி வந்தபோது மதுவந்தி தானாகவே போர்டுகளைப் படிக்க ஆரம்பித்தாள், குழந்தைக் குரலில் இல்லை, தன் குரலில். "செக்கு நல்லெண்ணெய்" என்றாள். "பூட்டு ரிப்பேர்" என்றாள். நோட்டீஸ் ஒட்டாதே என்ற நோட்டீஸ் இன்னும் அதே சுவரில்தான் இருந்தது. அதையும் படித்தாள். முன்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவளுக்கு ஹெல்மெட்டுக்குள் அழுகை வந்தது.

வீட்டில் கூடத்து மேஜைமேல் டேப்லெட் கிடந்தது. கதவு திறக்கிற சத்தத்துக்கு அதுவும் விழித்துக்கொண்டது. இன்றைய கதை காத்திருக்கிறது, சாய்சரண் என்றது கிளி. பிள்ளை ஷூவைக் கழற்றிவிட்டு, பழக்கத்தில், அறைக்கதவுக்கு வெளியே தரையில் போய் உட்கார்ந்தான். அவள் உள்ளே போவதற்காகக் காத்திருந்தான்.

மதுவந்தி உள்ளே போகவில்லை. விழாப் புடவையோடு அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். எட்டு மாதமாக அந்தக் கதையை அவள் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றாத சந்தேகம் இப்போது நிஜமாகவே வந்தது. அவளுக்குப் பதில் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

"சாய், மீனைக் கையில வச்சுண்டு அந்தப் பூனை எப்படிடா ஆத்து வரைக்கும் திங்காம வந்தது?"

சாய்சரண் நிமிர்ந்தான். ஒரு நிமிஷம் அவன் முகம் பழைய மாதிரி ஆனது. பதிலை ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த முகம். வாயைக்கூடத் திறந்துவிட்டான். அப்போது மேஜைமேல் கிளி சிறகை ஒருமுறை அடித்துக்கொண்டது. அவன் அதைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், விரலை உதட்டின்மேல் வைத்தான்.

"உஷ்" என்றான் மெதுவாக. "கிளி கேட்டுண்டிருக்கு."